பழைய கார்டு

என் அப்பா எழுதிய எந்தக் கடிதமும் மூன்று நாள் ரேடியோவின் தலையில் உட்காராமல் தபால் பெட்டிக்குப் போனதில்லை. எழுதின கையோடு போட்டுவிட்டால் பிறகு வருத்தப்பட நேரும் என்பது அவர் கட்சி. அத்தைக்கு எழுதும் பொங்கல் வாழ்த்து மாட்டுப் பொங்கலும் கழிந்த பிறகுதான் போய்ச் சேரும். அவர் ஒரு வழியாக யோசித்து முடித்துத் தலையசைத்ததும், அபிராமபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சிவப்புப் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. பெட்டியின் வாய் எனக்கு எட்டாது. குதித்துத்தான் போடுவேன். ஒன்பது வயதுவரை அந்த உத்தியோகத்தில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை வைத்தேன், அது மயிலாப்பூர் வட்டாரத்தில் கொஞ்ச காலம் பேசப்பட்டது.

அப்பா பகலில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தார். சாயங்காலமானால் ஒரு கூடைப்பந்து கிளப்புக்குச் செயலாளர். எழுபதுகளின் ஆரம்பம் அது. ஊரே கிரிக்கெட் கமெண்டரிக்குக் காதைக் கொடுத்திருந்தபோது, எங்கள் வீட்டில் மட்டும் பேஸ்கட் பால்தான் சோறும் குழம்பும். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் சிமெண்டுத் தரை, இரண்டு கம்பம், நாலு விளக்கு, உட்கார மூன்று வரிசைப் படி. இவ்வளவுதான் கிளப்பின் ஆஸ்தி.

இன்னொரு ஆஸ்தி என் மாமா. அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அணிக்குக் கேப்டன், எட்டு வருஷமாகக் கார்டும் அவர்தான். பந்தைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவருக்குக் கூடைப்பந்தில் கார்டு என்று பெயர். 'ரயில்ல கொடி காட்டறாரே, அந்த மாதிரி. நான் கொடி காட்டாம வண்டி நகராது' என்று எனக்கு விளக்கியிருந்தார். எனக்கு அதில் அபாரப் பெருமை. ஆனால் மாமாவுக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. வலது முழங்காலில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். மேட்ச் முடிந்த மறுநாள் மாடிப்படி ஏறும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மாமா என்னைக் கிண்டிக்கு அழைத்துக்கொண்டு போனார். மான் காட்டப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். மான் பார்த்தோம், ஐந்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் தொழிற்பேட்டைக்குள், ஏதோ ஒரு தொழிற்சாலையின் பின்புறம் இருந்த மைதானத்தில் மேட்ச் பார்த்தோம். அங்கேதான் ஏகாம்பரத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பத்தொன்பது வயதிருக்கும். லேத்துப் பட்டறையில் வேலை. குள்ளம், ஒல்லி, காக்கி நிஜார், ஓட்டை விழுந்த பனியன். ஆட்டம் தொடங்குகிறவரை, ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவன் என்றுதான் நினைத்தேன்.

தொடங்கின பிறகு அப்படி நினைக்க வழியில்லை. மற்றவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். இவனோ பந்தைப் பார்க்கவே இல்லை, அது தானாக அவன் கைக்கு வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் பார்ப்பான், பந்து வலது பக்கம் போகும். சுவரோரம் நின்ற நானே ஏமாந்து நாலு தடவை இடது பக்கம் கழுத்தைத் திருப்பினேன். வேகமாக ஓடிவந்து சட்டென்று நிற்பான். தடுக்க வந்த இரண்டு பேரும் நிற்க முடியாமல் அவனைத் தாண்டி ஓடிப்போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குள் பந்து வளையத்துக்குள் விழுந்திருக்கும். ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், பார்க்காமலே கூட்டாளிக்குக் கொடுத்தான். மாமா என் கையை அழுத்திப் பிடித்ததில் விரலெல்லாம் சிவந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டு, லஸ் வரை போய், அங்கிருந்து நடந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "கிண்டில ஒரு பையன் ஆடறான் அத்திம்பேர். போய்ப் பாத்துட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அப்பா போய்ப் பார்த்தார். கிளப் கமிட்டியின் மற்ற மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு போனார். அன்று பிடித்தது சனி. அந்தப் பையனை நம் அணிக்கு எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று மைதானத்துப் படிக்கட்டில் தினமும் விவாதம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி கிளப்பின் தலைவர். பனியன் நிஜாரெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். அவர் வேண்டாம் என்றார். "தம்பி நமக்கு எத்தனை மேட்ச்சு ஜெயிச்சுக் குடுத்திருக்கு! காலு கொஞ்சம் மக்கர் பண்ணுதுன்னதும் உக்காருன்னு சொல்லிர முடியுமா சார்? மனுசனுக்கு மனசுன்னு ஒண்ணு உண்டுல்லா?"

பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும் அதே பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. "ஆடறான், ஒத்துக்கறேன். ஆனா மயிலாப்பூர் டீம்னா மயிலாப்பூர் பசங்கதானே ஆடணும்? நாளைக்கு தாம்பரத்துல ஒருத்தன் நன்னா ஆடினா அவனையும் கூட்டிண்டு வருவேளா?" என்று கேட்டார்.

மைதானத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவரை எல்லாரும் நைனா என்பார்கள். கிளப்பின் பந்துகளுக்குக் காற்றடிப்பது அவர்தான், அந்த உரிமையில் அவரும் கமிட்டியில் ஒருவர். "இன்னா வாத்யாரே பேசற? சார் மச்சான் தங்கம், நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா அந்தப் பையன் கைல கீதே, அது பந்து இல்ல வாத்யாரே, அவன் வளத்த பூனைக்குட்டி. போன்னா போவுது, வான்னா வருது. அவனை வுட்டுட்டு சும்மா பேசிகினு கீறோம்" என்பார்.

அப்பா மனசுக்குள் நைனா கட்சி. வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியமில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா இருந்தாள். "என் தம்பியை உக்கார வெச்சுட்டு எவனையோ ஆட விடுவேளா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். அது போதுமானதாக இருந்தது. மாமாவோ இந்தப் பேச்சு எடுத்தாலே குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். கட்டின கயிற்றையே அவிழ்த்துக் கட்டுவார். அவருடைய இடத்தைப் பற்றி அவரே என்ன சொல்வார்? அவர் வேதனையில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கபாலி கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமைகளிலெல்லாம் ஏகாம்பரம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவன் ஆடினதை நினைத்தால் எனக்கே மெய் சிலிர்க்கும், அதனால் ஒரு குற்ற உணர்ச்சியோடுதான் வேண்டிக்கொண்டேன்.

லீக் ஆட்டங்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் நெருங்கியது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஒரு திங்கட்கிழமை, மனசைத் திடப்படுத்திக்கொண்டு அப்பா ஏகாம்பரத்துக்கு ஒரு தபால் கார்டு எழுதினார். எங்கள் அணியில் சேர அழைக்கிறோம், ஞாயிறு காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வந்து கையெழுத்துப் போடவும் என்று. வழக்கப்படி அது ரேடியோவின் தலையில் ஏறி உட்கார்ந்தது. புதன்கிழமை அவருக்கு மனசு மாறி இன்னொரு கார்டு எழுதினார். இந்த வருடம் இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. அதுவும் ரேடியோவின் தலைக்கே போனது. இரண்டில் எதைப் போடுவது என்று தீர்மானிக்க முடியாமல், கடைசியில் பொறுப்பை அண்ணாச்சி தலையில் கட்டினார். 'நீங்கள் தலைவர், யோசித்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அதன்படி செய்கிறேன்.'

அண்ணாச்சிக்கு ஒரு வைராக்கியம் உண்டு. வாய்க்கு வாய் இங்கிலீஷ் வார்த்தை வரும், ஆனால் எழுதினால் தமிழில்தான் எழுதுவார். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவர் கடை ஆள் சைக்கிளில் வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா ஆபீசில். அம்மாவின் கையெல்லாம் அடை மாவு. "என்ன எழுதியிருக்கார், படி" என்றாள். நான் உரக்கப் படித்தேன்.

'ஐயா, நன்கு யோசித்தேன். கார்டை மாற்ற வேண்டாம். பழைய கார்டையே போடவும். வணக்கம்.'

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ரேடியோ மேல் இரண்டு கார்டு இருக்கிறது, பழையதைப் போடச் சொல்கிறார். அம்மாவுக்கும் அப்படித்தான் பட்டது. "உங்கப்பா மூணு நாள் ஊறப் போட்டது போறாதுன்னு அவர் வேற சொல்லி அனுப்பணுமாக்கும்! ஓடிப் போய்ப் போட்டுட்டு வா. அஞ்சு மணிக்கு எடுத்துண்டு போயிடுவான்" என்றாள். இரண்டு கார்டையும் எடுத்தேன். அப்பாவின் கையெழுத்தில் விஷயத்தையோ தேதியையோ கண்டுபிடிப்பது என்னால் ஆகாத காரியம். எது பழசு என்று கேட்க, சீட்டையும் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன்.

மாமா அன்று லீவு. முழங்கால் வீங்கி, காலை ஒரு நாற்காலி மேல் நீட்டி, உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு இரண்டு கார்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கோ கால் நிலைகொள்ளவில்லை. ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்துவிடுவான் என்று நச்சரித்தேன்.

"இதுல எழுதியிருக்கறது உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"புரியாம என்ன? பழைய கார்டைப் போடணும்."

மாமா சிரித்தார். "ஆமாம், பழைய கார்டைத்தான் போடச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமைக் கார்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் ஒரே ஓட்டமாக ஓடி, ஒரே குதியில் போட்டேன். நான் திரும்பி நடக்கும்போதே தபால்காரர் சாக்குப் பையோடு வந்துவிட்டார்.

அப்பா ஆபீசிலிருந்து வந்து சீட்டைப் படித்துவிட்டு, "அப்பாடா" என்றார். பிறகு ரேடியோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சீட்டில் இருந்தபடி பழைய கார்டை நானே போட்டுவிட்டு வந்ததைப் பெருமையோடு சொன்னேன். என் வாழ்க்கையில் அப்பா கத்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"கார்டுன்னா உன் மாமாடி, மக்கு! மாமாவை மாத்த வேண்டாம், மாமாவையே போடுங்கோன்னு எழுதியிருக்கார்!"

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எந்தக் காரியம் நடக்கக்கூடாது என்று வாராவாரம் கோயிலில் வேண்டிக்கொண்டேனோ அதை என் கையாலேயே குதித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமாதான் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "ஆடற கார்டு, தபால் கார்டு, தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'க'தானே அத்திம்பேர்! குழந்தை என்ன பண்ணுவா?"

"நீ ஆத்துலதானே இருந்தே? நீ பாக்கலையா?" என்று அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"முழங்கால் வலியில கண்ணசந்துட்டேன்" என்றார் மாமா, கூசாமல்.

நான் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் கண் அசரவே இல்லை. கார்டை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். பாவம், மாமாவும் என்னைப் போலத் தப்பாகப் படித்துவிட்டு, அப்பாவுக்குப் பயந்து பொய் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவரைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. முழுப் பழியையும் நானே சுமந்தேன். தியாகம் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

மறுநாள் கிண்டிக்குப் போய் அந்தப் பையனிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக அப்பா கிளம்பினார். மாமா தடுத்தார். "கார்டைப் பாத்து சந்தோஷப்பட்டிருப்பான். பட்டறைல நாலு பேருக்கு முன்னாடி போய் இல்லேன்னு சொன்னா நன்னா இருக்குமா? வரட்டும், தனியா கூப்பிட்டு சொல்லிக்கலாம்." அப்பாவுக்கு எதையும் ஒத்திப்போடச் சொன்னால் உடனே சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு நாங்கள் போனபோது ஏகாம்பரம் ஏற்கெனவே வந்து காத்துக்கொண்டிருந்தான். கித்தான் ஷூவை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கார்டை எடுத்து நீட்டினான். "கார்டு வந்துச்சு சார். நேத்தே எங்க டீமாண்ட வெலகிக்கறேன்னு எய்திக் குடுத்துட்டேன்" என்றான். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இனி இங்கே இல்லையென்றால் அந்த வருஷம் முழுக்க அவன் எங்கேயும் ஆட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கமலாப்பழக் கூடையோடு வரும் அண்ணாச்சியும் வந்து சேர்ந்தார். அப்பா அவரைத் தனியே அழைத்துப்போய் என் பராக்கிரமத்தைச் சொன்னார். நான் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அண்ணாச்சி முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சார், நம்ம பேரைப் போட்டு வாங்கன்னு காயிதம் போயிருச்சு. அந்தப் பையன் இருந்ததையும் விட்டுட்டு வந்து நிக்கான். இப்பம் இல்லன்னா, அப்புறம் எந்த மொகத்த வச்சுட்டு கடையத் தொறக்கது?" என்றார். கணக்கு வாத்தியார் மட்டும் இறங்கி வரவில்லை. சேர்ப்பதாக இருந்தால் முதலில் ஆடிக் காட்டட்டும் என்றார்.

"என்னை எதிர்ப் பக்கம் போடுங்கோ" என்றார் மாமா. வலது முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

மாமா விட்டுக்கொடுத்து ஆடினார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அப்படி ஓர் ஆட்டத்தை அவர் அதற்கு முன்னால் ஆடி நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு கூடையும் அவர்தான் போட்டார். மூன்றாவது தடவை ஏகாம்பரத்தின் கையிலிருந்தே பந்தைப் பறித்தார். படிக்கட்டு அதிர்ந்தது. கம்பத்தை விட்டு வெளியே வந்து நானும் கத்தினேன். அதற்குப் பிறகுதான் ஏகாம்பரம் விழித்துக்கொண்டான். மாமா குறுக்கே வந்து நிற்பார், அவன் ஒரு தோளை மட்டும் அசைப்பான், மாமா அந்தப் பக்கம் சாய்வதற்குள் இந்தப் பக்கம் போயிருப்பான். வியர்த்து ஊற்ற ஊற்ற மாமா துரத்தினார். ஒரு தடவை மாமா, அவருக்குப் பின்னால் இன்னொருவர், இரண்டு பேரையும் தாண்டி எம்பி, இடது கையால், தொட்டும் தொடாமலும் பந்தை வளையத்துக்குள் விட்டான். "பேஷ்" என்று ஒரு குரல் கேட்டது. கணக்கு வாத்தியார். "கார்டு போட்டதுக்குக் கார்டே வந்துட்டான்" என்றும் சேர்த்துக்கொண்டார். நைனா விசிலடித்தார்.

அப்பா பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, "கார்டுக்கு நேரே ஏகாம்பரம்னு எழுதுங்கோ. என்னை சப்ஸ்டிட்யூட்ல எழுதிக்கோங்கோ. இதையும் மூணு நாள் வெச்சுக்காதீங்கோ, நாளைக்குக் கடைசி நாள்" என்றார். அப்பா எழுதினார். எழுதும்போது மூக்கை உறிஞ்சினார்.

கல்லூரிக்குப் போகிற வயதில் ஒருநாள், காரணமே இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எனக்கு உறைத்தது. எட்டு வருஷம் கார்டாக ஆடியவர், தினமும் அந்த விவாதத்தைக் காதால் கேட்டவர், அண்ணாச்சியின் சீட்டை எப்படித் தப்பாகப் படித்திருப்பார்? அவருடைய இடம் அவருக்கே என்று எழுதி வந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் மற்றவனைக் கூப்பிடும் கார்டை என் கையில் கொடுத்திருக்கிறார். பழியை நான் சுமந்து அவரைக் காப்பாற்றியதாக எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்! மனிதர்களில் எனக்கு யாரைப் பிடிக்கும் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

லீக்கின் முதல் ஆட்டம் ஒரு சாயங்காலம் நடந்தது. ஆட்டக்காரர்களின் பெஞ்சில் மாமா ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று யாரையும் கேட்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பாதி ஆட்டத்தில் ஏகாம்பரம் பந்தோடு பறந்து வந்தான். மூன்று பேர் அவனைச் சூழ்ந்தார்கள். எங்கே கொடுக்கப் போகிறான் என்று பார்ப்பதற்குள், அந்த மூன்று பேரின் கால்களுக்கிடையே தரையோடு பந்தை அனுப்பினான். அந்தப் பக்கம் தனியாக நின்ற நம் ஆள் வாங்கிச் சாவகாசமாகக் கூடையில் போட்டான். மைதானமே எழுந்து நின்றது. மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது.

"இந்த மாதிரி ஒரு பாஸ் குடுக்கணும்னு எட்டு வருஷமா நினைச்சிண்டிருந்தேன்டி" என்றார்.

"அழாதே மாமா, அடுத்த வருஷம் நீயே குடுக்கலாம்" என்றேன்.

மாமா தலையை ஆட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆட்டம் முடிகிறவரை விடவில்லை. அவ்வளவு சந்தோஷப்பட்டால்கூட ஒரு மனிதனுக்குக் கண் நிறையும் என்பது எனக்கு அப்போது தெரியாது.